ஜெர்மனியின் இலவசம், இங்கிலாந்தின் கடன்

உயர்கல்விக்கு எந்த நாடு அதிகம் செலவழிக்கிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள். ஓ.இ.சி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பணக்கார நாடுகளின் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் கல்விப் புள்ளிவிவரத் தொகுப்பில் உள்ள பட்டியல் அது. அதில் 2019ஆம் ஆண்டுக்கான கணக்கைப் பார்த்தால், ஜெர்மனி தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1.3 சதவீதத்தை உயர்கல்விக்குச் செலவிட்டிருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அரசுப் பணம். பிரிட்டனின் செலவு 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆனால் அதில் அரசின் பங்கு ஏறக்குறைய கால் பங்குதான். மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால், பிரிட்டனில் 30,000 டாலரை நெருங்குகிறது. ஜெர்மனியில் 20,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்களைப் படிப்பவர்கள் அவரவர் சாய்வுக்கு ஏற்ப இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஜெர்மன் அரசு மாணவர்களைத் தாங்குகிறது, பிரிட்டிஷ் அரசு கைகழுவிவிட்டது என்பது ஒன்று. தனியார் பணத்தை வரவழைத்ததால்தான் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் செழிப்பாக இருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டுமே அரைகுறை. உண்மையில் இரு நாடுகளிலும் அரசு பெருந்தொகையைச் செலவழிக்கிறது. ஜெர்மனி அதை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் செலவு என்றே எழுதிக் கொடுக்கிறது. இங்கிலாந்து கடன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பல பத்தாண்டுகள் கழித்துத் தள்ளுபடி செய்கிறது. மக்களிடம் கணக்குக் காட்டும் நேர்மையில் ஜெர்மனியின் வழியே மேல் என்பது என் வாதம். அதற்கு ஜெர்மனி கொடுக்கும் விலையும் சிறியதல்ல.

முதலில் ஒரு விளக்கம். பிரிட்டன் முழுவதற்கும் ஒரே உயர்கல்விக் கொள்கை கிடையாது. ஸ்காட்லாந்து தன் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஏற்பாடுகள். ஓ.இ.சி.டி. கணக்கு பிரிட்டன் முழுவதையும் சேர்த்துச் சொல்கிறது என்றாலும், மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இங்கிலாந்தில் இருப்பதால் அந்தச் சித்திரம் அடிப்படையில் இங்கிலாந்தின் சித்திரமே. அங்கே நடப்பது இதுதான். பதினெட்டு வயதில் கல்லூரியில் சேரும் மாணவர் கட்டணத்தைத் தன் கையால் கட்டுவதில்லை. அரசு கடன் வாங்கித் திரட்டிய பணத்தை, அரசுக்குச் சொந்தமான மாணவர் கடன் நிறுவனம் நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் செலுத்துகிறது. மாணவரின் பெயரில் பாக்கி ஏறுகிறது, அவ்வளவுதான். புறப்பட்ட இடத்தைப் பார்த்தால் அது அரசுப் பணம். ஆனால் ஓ.இ.சி.டி. தன் இறுதிக் கணக்கில் இதைக் குடும்பங்களின் செலவு என்று வகைப்படுத்துகிறது, ஏனென்றால் மாணவர் ஒருநாள் திருப்பித் தருவார் என்று வைத்துக்கொள்கிறது. அவர் திருப்பித் தராத பகுதி எந்தப் பத்தியில் ஏறும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 1962ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு முழுநேரப் பட்டப்படிப்பு மாணவர்களின் கட்டணத்தை உள்ளாட்சி அமைப்புகளே செலுத்தின. வீட்டு வருமானத்தைப் பொறுத்து, வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் கிடைத்தது. கல்லூரிக்குப் போகிறவர்கள் குறைவாக இருந்தவரை அது தாங்கியது. எண்ணிக்கை பெருகப் பெருக, தலைக்கு ஒதுக்கும் பணம் சுருங்கியது. டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணத்தைக் கொண்டுவந்தது. 2006 முதல் அது 3,000 ஆனது. அந்தச் சட்ட முன்வரைவு 2004 ஜனவரியில் நாடாளுமன்றக் கீழவையின் இரண்டாம் வாசிப்பில் வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. பெரிய பாய்ச்சல் 2010 டிசம்பரில் நிகழ்ந்தது. கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு 2012 முதல் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தியது. ஆதரவாக 323, எதிராக 302. கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று தேர்தலுக்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிபரல் டெமாக்ரட் கட்சி அந்த அடியிலிருந்து எழ வெகுகாலம் பிடித்தது. கல்லூரிகள் 6,000 பவுண்டைச் சுற்றியே கட்டணம் வைக்கும், 9,000 விதிவிலக்காக இருக்கும் என்று அமைச்சர்கள் எதிர்பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் உச்சவரம்பையே தொட்டார்கள். யாரும் மலிவான பட்டம் தருகிறோம் என்று விளம்பரம் செய்து தங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இதை முன்கூட்டி ஊகிக்கப் பெரிய பொருளாதார ஞானம் தேவைப்பட்டிருக்காது.

2010ஐக் கவனிக்க வேண்டிய காரணம் வேறு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைத்தே தீருவோம் என்று ஆட்சிக்கு வந்த அரசு அது. பல்கலைக்கழகங்களுக்குத் தரும் கற்பித்தல் மானியத்தை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வெட்டுவதாக அறிவித்தது. மருத்துவம், பொறியியல் போன்ற செலவு மிகுந்த படிப்புகளுக்கு மட்டுமே மானியம் மிஞ்சியது. வெட்டிய இடத்தைக் கட்டணக் கடன் நிரப்பியது. கருவூலத்திலிருந்து வெளியே போகும் பணம் குறையவில்லை; சில ஆண்டுகளில் கூடவே செய்தது. ஆனால் மானியம் என்றால் செலவு, பற்றாக்குறையில் சேரும். கடன் என்றால் சொத்து, பற்றாக்குறையில் சேராது. அன்றைய அரசுக் கணக்கு விதி அப்படி. அதே பல்கலைக்கழகத்துக்கு அதே பணம் போகிறது, பற்றாக்குறை மட்டும் காகிதத்தில் குறைகிறது. எந்த நிதியமைச்சருக்கும் சபலம் தட்டும் ஏற்பாடுதான்.

இந்தக் கடன் எப்படித் திரும்பி வருகிறது என்பதை ஒரு சம்பளச் சீட்டின் அளவில் பார்க்கலாம். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கான விதியின்படி, ஆண்டு வருமானத்தில் 25,000 பவுண்டுக்கு மேல் உள்ள தொகையில் 9 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். வருமான வரியைப் போலவே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பாதிக்கும் ஒருவருக்குப் பிடித்தம் 900 பவுண்டு, அதாவது மாதம் 75. அவர் பெயரில் 45,000 பவுண்டு கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 வாக்கில் படிப்பை முடித்தவர்களின் சராசரிக் கடன் அதை ஒட்டியே இருந்தது. வட்டி விலைவாசி உயர்வுக்குச் சமம் என்பது விதி. விலைவாசி 3 சதவீதம் உயர்ந்தால் அந்த ஆண்டின் வட்டி மட்டும் 1,350 பவுண்டு. அவர் கட்டிய 900 வட்டிக்கே போதாது. அசல் வளர்ந்துகொண்டே போகும். சம்பளம் நன்றாக உயர்ந்தால் ஒருநாள் அடைபடும். உயராவிட்டால் நாற்பது ஆண்டு கட்டிய பிறகு மிச்சம் தள்ளுபடி. 2012 முதல் 2023 ஜூலை வரை சேர்ந்தவர்களுக்குத் தள்ளுபடிக் காலம் முப்பது ஆண்டு. அந்தப் பழைய விதியின்படி கடனை முழுமையாக அடைப்பவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான் இருப்பார்கள் என்று 2022இல் அரசே சொன்னது. ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் அடைக்க மாட்டார்கள் என்று தெரிந்தே கொடுக்கும் பணத்தைக் கடன் என்று எப்படி அழைப்பது? பாதி கடன், பாதி மானியம் என்பதே பொருத்தம்.

பழைய கணக்கு விதி இதை எப்படி மறைத்தது என்பது வியப்பூட்டும். வட்டிக்கடை நடத்தும் ஒருவர், வாங்கியவர்களில் பலர் திருப்பித் தர மாட்டார்கள் என்று தெரிந்தும், ஏறும் வட்டியை எல்லாம் இந்த மாத வருமானம் என்று எழுதிக்கொண்டு, வராக்கடனை மட்டும் முப்பது ஆண்டு கழித்து எழுதுவேன் என்று சொன்னால் அந்தக் கடையின் லாபக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அதைத்தான் செய்தது. வராத வட்டி வருமானமாக ஏறியது, தள்ளுபடி வருங்காலத்துக்குப் போனது. 2017 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், 350 கோடி பவுண்டு முகமதிப்புள்ள பழைய மாணவர் கடன்களை 170 கோடிக்குத் தனியார் முதலீட்டாளர்களுக்கு அரசு விற்றது. பாதி விலைக்கும் குறைவு. அந்த நஷ்டம் பற்றாக்குறைக் கணக்கில் ஏறவில்லை. கையில் வந்த ரொக்கமோ அரசின் நிகரக் கடனைக் குறைத்துக் காட்டியது. அடுத்த ஆண்டும் ஒரு தொகுதி விற்கப்பட்டது. பிறகு 2020இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். இதற்கெல்லாம் முன்பே, 2015இல், எதிர்காலத்தில் வரும் தவணையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் விகிதத்தை, பணவீக்கத்துக்கு மேல் 2.2 சதவீதம் என்றிருந்ததை 0.7 ஆகக் குறைத்தது கருவூலம். ஒரு மாணவரும் ஒரு பவுண்டு கூடுதலாகக் கட்டவில்லை. ஆனால் அரசு ஏற்கும் நஷ்டம் என்று எழுதப்பட்ட பங்கு மளமளவென்று இறங்கியது.

2018இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. நாடாளுமன்றக் குழுக்களும், அரசின் நிதிநிலையைக் கண்காணிக்கும் சுயேச்சையான பட்ஜெட் பொறுப்பு அலுவலகமும் இதைக் கணக்கு மாயை என்றே வர்ணித்தன. அந்த டிசம்பரில் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் விதியை மாற்றியது: கொடுக்கும் கடனில் திரும்பி வராது என்று மதிப்பிடப்படும் பங்கைக் கொடுக்கும் ஆண்டிலேயே அரசுச் செலவாக எழுத வேண்டும். அந்த ஒரு மாற்றத்தால் பற்றாக்குறை சுமார் 1,200 கோடி பவுண்டு கூடும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பின் நடந்ததே என் வாதத்துக்கு வலுவான சான்று. செலவு மறைந்திருந்த 2017இல், கடன் பிடித்தம் தொடங்கும் வருமான வரம்பை 21,000இலிருந்து 25,000 பவுண்டாக உயர்த்துவதாகப் பிரதமர் தெரசா மே அறிவித்தார். நீண்டகால நோக்கில் ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் செலவு வைக்கும் முடிவு என்று நிதி ஆய்வுக் கழகம் கணித்தது. ஆனால் அன்றைய பற்றாக்குறையில் அதற்குச் சுவடே இல்லை. செலவு வெளியே தெரியத் தொடங்கிய பிறகு, 2022இல் அதே கட்சியின் அரசு, அதற்குள் 27,295 பவுண்டாக ஏறியிருந்த வரம்பைப் புதிய மாணவர்களுக்கு 25,000 ஆக இறக்கித் தள்ளுபடிக் காலத்தை நாற்பது ஆண்டாக நீட்டியது. முழுமையாக அடைப்பவர்கள் நூற்றுக்கு 23இலிருந்து 52 ஆக உயர்வார்கள் என்று சொல்லிக்கொண்டது. பாரம் விழுந்தது நடுத்தரச் சம்பளக்காரர்கள் மீது. பெரிய சம்பளக்காரர்களோ வட்டி குறைந்ததால் லாபமடைந்தார்கள். நோட்டில் எழுதும் முறை மாறியதும் கொள்கையே மாறிவிட்டது. எழுதும் முறையைக் குமாஸ்தா விவகாரம் என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இனி ஜெர்மனிக்கு வருவோம். அங்கும் கட்டணம் இருந்ததுண்டு. மேற்கு ஜெர்மனியில் 1970 வாக்கில்தான், மாணவர் போராட்டங்களை ஒட்டி, அது ஒழிக்கப்பட்டது. 2002இல் மத்திய அரசு முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கூடாது என்று சட்டமே போட்டது. ஆனால் கல்வி மாநிலங்களின் அதிகாரம், மத்திய அரசு தலையிட முடியாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2005 ஜனவரியில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. உடனே பதினாறு மாநிலங்களில் ஏழு கட்டணம் விதித்தன. பெரும்பாலும் செமஸ்டருக்கு 500 யூரோ. இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை. அதற்கே வாக்காளர்கள் கொதித்தார்கள். ஹெஸ்ஸே மாநிலம் ஓராண்டிலேயே கைவிட்டது. பழமைவாதக் கட்சியின் கோட்டையான பவேரியாவில், கட்டணத்தை ஒழிக்கக் கோரும் மனுவில் இரண்டு வாரங்களில் பத்து சதவீத வாக்காளர்கள் அரசு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. 2013 ஜனவரியில் பதினான்கு சதவீதத்துக்கும் மேல் கையெழுத்திட்டார்கள். சட்டமன்றம் பொதுவாக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல் கட்டணத்தை நீக்கியது. கடைசியாகக் கீழ் சாக்சனி 2014இல் நீக்கியது. கட்டணமாக வந்த தொகைக்கு ஈடாக மாநில அரசுகள் தங்கள் பட்ஜெட்டிலிருந்து பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தன. இன்று மாணவர் செமஸ்டருக்குக் கட்டுவது சுமார் 100 முதல் 400 யூரோ. அதில் பெரும்பகுதி பஸ், ரயில் பாஸுக்கும் மாணவர் உணவகம், விடுதிகளை நடத்தும் அமைப்புக்குமான சந்தா.

இலவசம் என்றால் யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். ஜெர்மனியில் மாநிலங்கள் பெரும்பங்கையும் மத்திய அரசு மீதியையும் கொடுக்கின்றன. 2007இல் இரு தரப்பும் செய்துகொண்ட உயர்கல்வி ஒப்பந்தம் இதில் பாராட்டத்தக்க ஒன்று. கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு புதிய மாணவருக்கும் இவ்வளவு யூரோ, அதை இரு தரப்பும் சரிபாதியாகப் பகிர்வது என்று எழுதிக்கொண்டார்கள். பிற்கட்டத்தில் அது ஒரு மாணவருக்கு 26,000 யூரோ, சில ஆண்டுகளில் பிரித்துத் தருவது. மாணவர் எண்ணிக்கை 2007இல் 20 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது; 2020இல் 29 லட்சத்தைத் தாண்டியது. கட்டணம் இல்லாமலே இந்த விரிவு நடந்தது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977இல் மாநில முதல்வர்கள் ஒரு விசித்திரமான முடிவு எடுத்தார்கள். பிறப்பு விகிதம் உயர்ந்த ஆண்டுகளின் பிள்ளைகள் கல்லூரி வயதை எட்டியிருந்த நேரம் அது. கதவைத் திறந்து வைப்போம், பணமும் ஆசிரியரும் கூட்ட வேண்டாம், சில ஆண்டுகளில் கூட்டம் தானாகக் குறையும் என்றார்கள். கூட்டம் குறையவே இல்லை. ஒரு பேராசிரியருக்கு அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள், நிரம்பி வழியும் முதலாண்டு வகுப்பறைகள், பழுதுபார்க்கக் காத்திருக்கும் 1960கள், 70களின் கான்கிரீட் கட்டடங்கள் என்று அந்த முடிவின் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்து செலவை மறைத்துப் பணத்தைக் கொடுத்தது என்றால், ஜெர்மனி செலவைக் காட்டிக் கஞ்சத்தனமாகக் கொடுத்தது.

ஜெர்மன் முறைக்கு எதிரான வலுவான ஆட்சேபம் நியாயம் சார்ந்தது. மருத்துவரின் மகனுக்குப் பஸ் ஓட்டுநரின் வரிப்பணம் ஏன் போக வேண்டும்? ஜெர்மனியின் பல மாநிலங்களில் மழலையர் பள்ளிக்குப் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். பல்கலைக்கழகம் மட்டும் இலவசம். ஏழைக் குழந்தைக்கு எங்கே அதிகப் பயனோ அங்கே கட்டணம், வசதியானவர்கள் அதிகம் போகும் இடத்தில் இலவசம். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் எண்பது பேர் பல்கலைக்கழகம் போகிறார்கள். பட்டதாரி அல்லாதோரின் பிள்ளைகளில் போவது கால் பங்கைச் சற்றே தாண்டும். இங்கிலாந்திலோ 2012 உயர்வுக்குப் பின் ஏழைப் பகுதிகளின் பதினெட்டு வயதினர் கல்லூரியில் சேர்வது குறையவில்லை, கூடியது. கட்டணத்தை எதிர்ப்பவர்கள் விழுங்கியே ஆகவேண்டிய உண்மை இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தவர்களின் எண்ணிக்கை அதே காலத்தில் பாதிக்கும் மேல் சரிந்தது. முப்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனோடு இருப்பவருக்கு இன்னொரு கடன் பயமுறுத்துகிறது. பஸ் ஓட்டுநரின் வரி என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. ஜெர்மனியில் 2025 கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 68,000 யூரோவைத் தாண்டும் வருமானத்துக்கு 42 சதவீத வரி. அதைக் கட்டுவோர் பெரும்பாலும் பட்டதாரிகள். படிப்பால் அதிகம் சம்பாதித்தவர் அதிகம் திருப்பித் தருகிறார்; அதற்குத் தனியாக ஒரு கடன் நோட்டு வேண்டியதில்லை. மருத்துவரின் மகன் இங்கிலாந்தில் அப்பாவின் பணத்தில் கட்டணத்தை ரொக்கமாகக் கட்டிவிட்டு ஒரு பைசா வட்டியில்லாமல் தப்பிக்கவும் முடியும். செவிலியரின் மகள்தான் நாற்பது ஆண்டு 9 சதவீதம் கட்டுவாள்.

ஜெர்மனியில் குறைவானவர்களே கல்லூரிக்குப் போகிறார்கள், அதனால்தான் இலவசமாகக் கொடுக்க முடிகிறது என்பது அடுத்த ஆட்சேபம். 25 முதல் 34 வயதுக்குள் உயர்கல்வி முடித்தவர்கள் பிரிட்டனில் 60 சதவீதத்தை ஒட்டி, ஜெர்மனியில் 40க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மீதிப் பேர் தெருவில் நிற்கவில்லை. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வேலையிடம், மீதி நாட்கள் தொழிற்பள்ளி என்ற ஜெர்மன் தொழிற்பயிற்சி முறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கிறார்கள். இங்கிலாந்தில் பட்டம் கேட்கும் பல வேலைகளுக்கு அங்கே இந்தப் பயிற்சியே போதும். எனக்கு உறுத்துவது வேறு விஷயம்: யார் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடியும்போதே, பத்து வயதில், பிரித்துவிடுகிறார்கள். இங்கிலாந்து பட்டதாரியின் சம்பளத்தில் வடிகட்டுகிறது, ஜெர்மனி குழந்தையின் மதிப்பெண் அட்டையில் வடிகட்டுகிறது. அது பள்ளிக் கொள்கையின் குறை, கட்டணமில்லாக் கல்வியின் குறையல்ல என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனாலும் இலவசம் என்ற சொல் மட்டும் சமத்துவத்தைக் கொண்டுவராது என்பதற்கு அதுவே சாட்சி.

வாழ்க்கைச் செலவிலும் ஜெர்மனி பின்தங்குகிறது. 1971 முதல் உள்ள மாணவர் உதவிச் சட்டத்தின்படி கிடைக்கும் தொகையில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டுவது மாதம் 130 யூரோவாக 77 தவணை, மொத்தம் 10,010 யூரோ. அதற்கு மேல் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கேட்க மாட்டார்கள். அருமையான விதி. ஆனால் பெறுவது ஏறக்குறைய எட்டில் ஒரு மாணவர்தான். மற்றவர்களுக்குப் பெற்றோர் கொடுக்க வேண்டும், அல்லது உணவகத்தில் தட்டு கழுவ வேண்டும். மியூனிக்கில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பவருக்குக் கட்டணமில்லாக் கல்வி பாதி ஆறுதல்தான். இங்கிலாந்தின் கடன் முறை வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தருகிறது, மிகப் பெரும்பாலான மாணவர்களை எட்டுகிறது. இந்த ஓர் அம்சத்தில் நான் இங்கிலாந்தின் பக்கம்.

பல்கலைக்கழகங்களை அரசியல்வாதிகளின் கையிலிருந்து விடுவிக்கக் கட்டணமே வழி என்ற வாதம் மட்டும் முற்றாகத் தோற்றுவிட்டது. மானியம் என்றால் ஆண்டுதோறும் கையேந்த வேண்டும், கட்டணம் என்றால் நிரந்தர வருமானம் என்று 2010இல் சொன்னார்கள். நடந்ததோ, 2017இல் 9,250 பவுண்டு ஆன கட்டணத்தை அரசு எட்டு ஆண்டு அசைய விடவில்லை. 2025இல்தான் 9,535 ஆனது. 2012இன் விலைவாசியில் அதன் மதிப்பு ஏறக்குறைய 6,000 பவுண்டாகத் தேய்ந்துவிட்டது. மாற்றமில்லாமல் போனால் 2025-26இல் நூற்றுக்கு 72 நிறுவனங்கள் பற்றாக்குறையில் இருக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்காற்று அமைப்பு 2024 நவம்பரில் எச்சரித்தது. ஓட்டையை அடைப்பது வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம். அவர்களுக்கு உச்சவரம்பு இல்லை. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போகும் மாணவர்கள் கட்டும் பணம்தான் பல இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் உள்நாட்டு வகுப்பறைக்கும் ஆய்வுக்கும் முட்டுக்கொடுக்கிறது. பிள்ளையை அங்கே அனுப்ப வீட்டை அடமானம் வைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம், தனக்குத் தெரியாமலே, பிரிட்டிஷ் அரசு போடாமல் விட்ட பணத்தைப் போடுகிறது. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர பிரிட்டன் தடை விதித்ததும் விண்ணப்பங்கள் சரிந்தன, பல்கலைக்கழகங்கள் தடுமாறின. ஜெர்மனியில் 2023-24இல் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் படித்தார்கள். வெளிநாட்டினரில் அவர்களே முதலிடம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்றாலும் அது அவர்களே மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கும் பணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் சுவரில் விரிசல் விழுகிறது.

தலைக்கு 30,000 டாலர், உலகத் தரவரிசையில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், இம்பீரியல் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தொகையில் ஆய்வுச் செலவும் அடக்கம். ஜெர்மனி தன் ஆய்வின் கணிசமான பகுதியை மாக்ஸ் பிளாங்க், ஃபிரவுன்ஹோஃபர், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிட்ஸ் போன்ற தனி அமைப்புகளில் வைத்திருக்கிறது. பல்கலைக்கழகங்களை மட்டும் ஒப்பிடும் எந்தத் தரவரிசையிலும் ஜெர்மனி இளைத்துத்தான் தெரியும்.

ஜெர்மன் மாநிலங்களின் நிலையும் இப்போது சொகுசாக இல்லை. 2009இல் அரசமைப்பில் எழுதப்பட்ட கடன் வரம்பு விதி மாநிலங்களின் கையைக் கட்டியது. பெர்லின் நகர அரசு 2025ஆம் ஆண்டுக்கு உயர்கல்வி, அறிவியல் ஒதுக்கீட்டில் பெரும் வெட்டை அறிவித்தபோது பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன, மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். கட்டண ஆதரவாளர்கள் இதைக் காட்டி, பார்த்தீர்களா, அரசை நம்பினால் இதுதான் கதி என்கிறார்கள். எனக்கு இது மறுபக்கமாகவே படுகிறது. வெட்டு எவ்வளவு, யார் வெட்டினார், எந்தத் துறைக்கு என்பது பெர்லின்வாசிகள் அனைவருக்கும் தெரிந்தது. அடுத்த தேர்தலில் கேட்க அவர்களுக்குக் கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தில் 2015இல் தவணையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் விகிதத்தைக் குறைத்தும், பிறகு பிடித்தம் தொடங்கும் வரம்பை 27,295 பவுண்டில் நான்கு ஆண்டு உறையவைத்தும் அதே அளவு பெரிய முடிவுகளை எடுத்தார்கள். அதற்காக வீதிக்கு வந்தவர்கள் இல்லை, ஏனென்றால் அப்படி முடிவெடுத்ததே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

2012இல் 9,000 பவுண்டுக் கட்டணத்தில் முதலில் சேர்ந்து மூன்றாண்டுப் படிப்பை முடித்தவர்களின் கடன் பாக்கி 2046இல் தள்ளுபடியாகத் தொடங்கும். நாற்பதாண்டு விதியில் 2023இல் சேர்ந்தவர்களுக்கு அது 2067. இங்கிலாந்து மாணவர்கள் பெயரில் உள்ள மொத்தக் கடன் 2023 மார்ச்சிலேயே 20,000 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.